கேமராவுக்குத் தெரியாத நியூட்ரல்

ஏற்காட்டு மலைகளில் பிறக்கும் தொப்பையாறு இறங்கி ஓடும் பள்ளத்தாக்கு வழியாகத்தான் தேசிய நெடுஞ்சாலை 44-ம் சேலத்துக்கு இறங்குகிறது. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் இந்தச் சாலையில், சேர்வராயன் மலைத்தொடரை ஒட்டிய தொப்பூர் கணவாய் சில கிலோமீட்டர்தான் நீளம். மேலே ஏற்காடு போகும் பாதையில் இருப்பதுபோல் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இங்கே கிடையாது. பார்வைக்குச் சாதாரண இறக்கம், சில வளைவுகள், ஓர் இரட்டைப் பாலம். ஆனாலும் லாரிக்காரர்கள் நாக்கில் அதிகம் புரளும் பெயர் ஏற்காடு அல்ல, தொப்பூர்தான்.

2020 டிசம்பர் 12 அன்று சிமென்ட் ஏற்றி வந்த லாரி ஒன்று கட்டுப்பாடு இழந்து, முன்னால் நின்ற வாகன வரிசையில் புகுந்தது. 4 பேர் இறந்தனர். 2024 ஜனவரி 24 அன்று லாரிகளும் கார்களும் அடுத்தடுத்து மோதின. ஒரு லாரி பாலத்திலிருந்து கீழே விழுந்தது, வாகனங்கள் தீப்பிடித்தன. மறுபடியும் 4 பேர். கண்காணிப்புக் கேமராவில் பதிவான அந்தக் காட்சி அன்றிரவே ஊரெல்லாம் கைப்பேசிகளில் சுற்றியது. விபத்தைப் படம்பிடிக்க முடிந்த கேமராவால் அதை ஏன் தடுக்க முடியவில்லை?

முதலில் இறக்கத்தின் கணக்கு; அது எளிது. மொத்தம் 35 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் இறங்கினால், அது இழக்கும் நிலையாற்றல் சுமார் 34 மெகாஜூல். 100 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். வேகம் கூடாமல் இறங்க வேண்டுமென்றால் இவ்வளவு ஆற்றலும் எங்காவது போய்ச் சேர வேண்டும். கியரில் இறங்கும் லாரியில் எஞ்சினே ஒரு பெரும் பங்கை வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் கிட்டத்தட்ட முழுச் சுமையும் பிரேக் டிரம்மின் தலையில் விழும். டிரம் சூடேறி விரிந்து லைனிங்கை விட்டு விலகும். லைனிங்கின் உராய்வும் குறையும். ஓட்டுநர் மேலும் மேலும் பிரேக்கை மிதிப்பார். எஞ்சினோ வெறும் ஐடிலிங்கில் மெதுவாகச் சுழல்கிறது. ஏர் பிரேக்குக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரசரும் அதே மெதுவான வேகத்தில்தான் ஓடும். ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்று முதல் தகவல் அறிக்கையில் எழுதப்படும் பல விபத்துகளில் பிரேக் பழுதாகவில்லை, அதன் சக்திக்கு மேல் வேலை வாங்கப்பட்டது.

பிறகு ஏன் ஓட்டுநர்கள் நியூட்ரலில் இறங்குகிறார்கள்? டீசல் மிச்சம் என்ற நம்பிக்கை. பழைய வண்டிகளில் இந்தக் கணக்குக்கு ஓரளவு அர்த்தம் இருந்திருக்கலாம். இன்றைய மின்னணுக் கட்டுப்பாட்டு டீசல் எஞ்சின்களில் நிலைமை தலைகீழ். கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றும். கணினி டீசலை முற்றாக நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் செலவாகும். உயிரைப் பணயம் வைத்து மிச்சப்படுத்துவதாக நினைக்கும் டீசல், உண்மையில் அப்போதுதான் எரிகிறது.

இனி டிஜிட்டல் கருவிகள். சரக்கு வாகனங்களைக் கண்காணிக்கச் சட்டம் இப்போது தாராளமாகவே இடம் தருகிறது. 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் மின்னணுக் கண்காணிப்புக்கென்றே 136-ஏ பிரிவைச் சேர்த்தது. 2021 ஆகஸ்டில் வந்த 167-ஏ விதி, கேமராவும் வேகமானியும் எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுத்தது: கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்புதல் சான்று வேண்டும், கண்காணிப்பு உண்டு என்று சாலையில் முன்கூட்டியே பலகை வைக்க வேண்டும், குற்றம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு போக வேண்டும்.

தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்கு வேக வரம்பு மணிக்கு 30 கிலோமீட்டர். ரேடார் வேகமானி வண்டியை நோக்கி நுண்ணலையை அனுப்பி, திரும்பி வரும் அலையின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து வேகத்தைக் கணக்கிடும். நேர்ச் சாலையில் பிரச்சினை இல்லை. வளைவில் கருவிக்கும் வண்டியின் திசைக்கும் இடையே கோணம் விழுந்தால் வேகம் குறைவாகத் தெரியும். 20 டிகிரி விலகினால் 60 கிலோமீட்டர் வேகம் 56 என்று பதிவாகும். இதைவிடப் பெரிய ஓட்டை வேறு. கேமரா எங்கே நிற்கிறது என்பது வாரம் மூன்று முறை அந்த வழியே போகிற ஓட்டுநருக்கு அத்துப்படி. அங்கே மட்டும் பிரேக்கை மிதிப்பார், தாண்டியதும் விடுவார். ஏற்கெனவே சூடான டிரம்முக்குக் கூடுதல் சூடு!

இதற்கு நல்ல மாற்று, இறக்கத்தின் தலையிலும் காலிலும் எண் பலகை படிக்கும் கேமராக்களை வைத்துச் சராசரி வேகத்தைப் பார்ப்பது. 6 கிலோமீட்டரை 30 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 12 நிமிடம் ஆக வேண்டும். ஒன்பதாவது நிமிடத்தில் கீழே வந்துவிட்டவர் எங்கோ வரம்பை மீறியிருக்கிறார், நடுவில் எங்கே பிரேக் போட்டார் என்ற பேச்சுக்கே இடமில்லை. மும்பை-புனே விரைவுச் சாலையில் 2024 முதல் செயல்படும் கண்காணிப்பு அமைப்பு இப்படிச் சராசரி வேகத்தையும் பார்க்கிறது. அந்தச் சாலையிலும் போர் கணவாய் என்ற மலை இறக்கம் உண்டு.

அடுத்தது எடை. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுப் பளு வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன் என்றிருந்தது 11.5 ஆனது, இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2-லிருந்து 18.5 டன் ஆனது. அதற்கு மேல் ஏற்றினால், 2019 திருத்தத்தின்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்; அதிகச் சுமையை அங்கேயே இறக்கிவைக்கவும் வேண்டும். ஓவர்லோடு சாலையைக் கெடுக்கும் அளவு பலருக்குத் தெரியாது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் நடந்த சாலைச் சோதனையிலிருந்து பெற்ற விதிப்படி, சேதம் ஏறக்குறைய அச்சுப் பளுவின் நான்காம் அடுக்கில் கூடுகிறது. பளு ஒன்றரை மடங்கானால் சேதம் ஐந்து மடங்கு.

லாரியை நிறுத்தாமலே எடை போடும் முறையில், சாலையில் வெட்டிய காடிக்குள் குவார்ட்ஸ் உணரிகள் பதிக்கப்படும். டயர் அழுத்தும்போது குவார்ட்ஸில் உண்டாகும் மின்னூட்டத்தைக் கொண்டு பளு கணக்கிடப்படும். ஓடும் லாரி ஸ்பிரிங்கில் துள்ளிக்கொண்டே போவதால் ஒரு வரிசை உணரி போதாது. பல வரிசைகள் வைத்துச் சராசரி எடுப்பார்கள். செக் குடியரசும் ஹங்கேரியும் இந்த அளவீட்டை வைத்தே நேரடியாக அபராதம் போடுகின்றன. ஆனால் சாலை நேராகவும் சமமாகவும் இருக்க வேண்டும். கணவாயில் வைத்தால் எண் பொய் சொல்லும். ஆகவே இறக்கத்துக்கு முன்னால், தருமபுரிப் பக்கத்துப் பாளையம் சுங்கச்சாவடி போல வண்டிகள் எப்படியும் ஊர்ந்து செல்லும் இடமே இதற்குத் தோது. அங்கே கிடைக்கும் எடையை வைத்து, அதிகப் பாரமுள்ள லாரியைக் கணவாயில் நுழையும் முன்பே ஓரங்கட்டலாம். விபத்துக்குப் பிறகு சலான் அனுப்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

காகித விஷயத்தில் டிஜிட்டல் பெரிதும் வென்றுவிட்டது. சேலத்து வெள்ளைக்கல், ஜல்லி, எம்-சாண்ட் என்று எதை ஏற்றினாலும் கனிமவளத் துறையின் நடைச்சீட்டு வேண்டும். ஏற்காட்டு பாக்சைட் மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்குப் போன காலத்தில் எல்லாமே காகிதம். காகிதச் சீட்டின் பழைய தந்திரம், ஒரே சீட்டில் பல நடை அடிப்பது. இணையத்தில் நேரம் குறித்து எடுக்கும் சீட்டில் அதற்கு வழி குறைவு. ஜிஎஸ்டி மின்வழிச் சீட்டும் அப்படித்தான்: 2021 ஜனவரி முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று ஆயுள் உண்டு, சுங்கச்சாவடிகளின் ஃபாஸ்டேக் பதிவோடும் அது இணைக்கப்பட்டது. ஒரே சீட்டு இரண்டாவது முறை சுங்கச்சாவடியைத் தாண்டினால் கணினிக்குத் தெரிந்துவிடும். வரி வசூலில் அரசுக்கு இருக்கும் அக்கறை இங்கே பளிச்சென்று தெரிகிறது. அதே ஃபாஸ்டேக் நேரப் பதிவைப் பாதுகாப்புக்கும் பயன்படுத்தத் தடை ஏது?

ஆக, வேகம், எடை, சீட்டு மூன்றையும் வெளியிலிருந்தே பார்க்கலாம். கியர் லீவர் இருக்கும் இடத்தை எந்தக் கேமராவும் பார்க்காது. பார்க்கக்கூடியது லாரிக்குள்ளேயே இருக்கிறது. பிஎஸ்-6 லாரியின் எஞ்சின் கணினி நொடிக்குப் பல முறை சுழற்சி வேகத்தையும் வண்டியின் வேகத்தையும் உள் வலையமைப்பில் அறிவித்துக்கொண்டே இருக்கும். வண்டி 60-ல் போகிறது, எஞ்சின் மட்டும் ஐடிலிங்கில் 600 சுழற்சியில் நிற்கிறது என்றால் ஒன்று நியூட்ரல், இல்லையேல் கிளட்ச் மிதிக்கப்பட்டிருக்கிறது. டாடாவும் அசோக் லேலண்டும் தரும் டெலிமேட்டிக்ஸ் வசதிகள் இத்தகைய தகவல்களை உரிமையாளரின் கைப்பேசிக்கே அனுப்புகின்றன. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் உரிமையாளர்கள் அதில் முதலில் பார்ப்பது மைலேஜ்.

சட்டம் கேட்கும் கருவி இவ்வளவு தூரம் போகவில்லை. 2022 செப்டம்பர் முதல் படிப்படியாக, ஆபத்தான சரக்கு ஏற்றும் புதிய கனரக வாகனங்களுக்கு இருப்பிடம் காட்டும் கருவி கட்டாயம். அது வண்டி எங்கே போகிறது என்று சொல்லும், எந்த கியரில் போகிறது என்று சொல்லாது. ஓட்டும் நேரமும் இப்படியே. 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம் என்று வரையறுத்தது. ஐரோப்பாவில் 2006 முதல் புதிய லாரிகளில் டிஜிட்டல் டேகோகிராஃப் ஓட்டுநர் அட்டையில் நேரத்தைப் பதிகிறது. இங்கே அந்த 8 மணி நேரத்தை அளக்க லாரிக்குள் ஒரு கடிகாரம்கூடக் கட்டாயமில்லை.

தொப்பூரில் 6.6 கிலோமீட்டருக்கு உயர்மட்டச் சாலை அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அது முடிந்தால் வளைவும் சரிவும் குறையும். இருப்பிடக் கருவிக்கான விதியில் எஞ்சின் சுழற்சியையும் சேர்த்து அனுப்பு என்று ஒரு வரி கூட்டுவதற்கு அவ்வளவு சிமென்ட் தேவையில்லை. யாருக்கு அனுப்புவது, அபராதச் சலான் போகப்போவது உரிமையாளருக்கா ஓட்டுநரின் பேட்டாவிலிருந்தா என்பதை மட்டும் முதலில் பேசி முடிக்க வேண்டும்.