அகமும் திறன்பேசியும்

நுழையும்முன்

வீட்டிற்குக் கதவு உண்டு. கடிதத்திற்கு உறை உண்டு. கையிலிருக்கும் திறன்பேசிக்குக் காப்பு எது? தனியுரிமை என்பது யாது, அதனை இந்தியச் சட்டம் எவ்வாறு ஏற்றது, பதினெட்டு வயது நிறையாத மாணவருக்கு அது தரும் பாதுகாப்பு யாது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

பூச்சந்தையில் ஒரு தடம்

தென்காசி மாவட்டத்திலுள்ள சங்கரன்கோவில், சிவனும் திருமாலும் ஓருருவாய்க் காட்சிதரும் சங்கரநாராயணர் கோவிலால் புகழ்பெற்ற ஊர். ஆடித்தபசுத் திருவிழாவும் விசைத்தறிகளும் பூச்சந்தையும் அவ்வூரின் அடையாளங்கள். இன்று சிற்றூர்க் கடைகளிலும் தராசுக்கு அருகே கியூஆர் குறியீட்டு அட்டை இடம்பெற்றுவிட்டது. ரொக்கம் கொடுத்துப் பூ வாங்கிய காலத்தில், வாங்கியவர் யார் என்பது எங்கும் பதிவாகவில்லை. திறன்பேசி வழியாகப் பணம் செலுத்தும்போது பெயர், தொகை, நாள், நேரம் ஆகிய அனைத்தும் பதிவாகின்றன. சில்லறைத் தொல்லை நீங்கியது. கூடவே ஒரு தடமும் பிறந்தது.

இழையும் துணியும்

இத்தடங்கள் தனித்தனியே நோக்கினால் அற்பமானவை. ஆனால் தறியை அறிந்தவர்கள் அவற்றை அற்பமென ஒதுக்கமாட்டார்கள். ஒற்றை நூலில் எந்த வடிவமும் தெரிவதில்லை. பாவும் ஊடையும் சேர்ந்தபின் சேலையின் கோலம் தெளிவாகிறது. தரவும் அத்தகையதே. இரவில் திறன்பேசி நிலைத்திருக்கும் இடம் வீட்டைக் காட்டும். பகலில் இருக்கும் இடம் பள்ளியைக் காட்டும். தேடிய சொற்கள் கவலையைக் காட்டும். வாங்கிய மருந்து நோயைக் காட்டும். இவை ஒன்றிணையும்போது, ஒருவர் எவரிடமும் சொல்லாத செய்தியும் பிறர் அறியக்கூடியதாகிறது.

விலையின்றிக் கிடைக்கும் செயலிகள் பல, விளம்பரத்தால் வருவாய் ஈட்டுகின்றன. யாருக்கு எந்த விளம்பரத்தைக் காட்டுவது என்று முடிவுசெய்ய அவற்றுக்குத் தரவு தேவைப்படுகிறது. வழிகாட்டும் வரைபடச் செயலி இருப்பிடத்தைக் கேட்பது இயல்பு. கைவிளக்குச் செயலி தொடர்பு எண்களைக் கேட்பது ஐயத்திற்குரியது. அதற்கு இசைபவர் தம் செய்தியை மட்டும் தருவதில்லை. தம்மை நம்பி எண் கொடுத்த உறவினர், நண்பர் அனைவரின் எண்களையும் அவர்களைக் கேளாமலே ஒப்படைக்கிறார்.

பெயர் சுட்டா மரபு

வாழ்வில் பிறர்க்குரியதும் தமக்கே உரியதும் உண்டு என்னும் பகுப்பு தமிழர்க்குப் புதிதன்று. இலக்கியத்தை அகம், புறம் எனப் பிரித்த தமிழ் மரபில், அகப்பாடல்களில் தலைவன், தலைவியின் இயற்பெயரைச் சுட்டுதல் கூடாது எனத் தொல்காப்பியம் விதித்தது. உணர்வு உலகிற்குப் பொதுவாயிற்று. உணர்ந்தவர் யார் என்பது காக்கப்பட்டது. இலக்கியத்திற்கென வகுக்கப்பட்ட அவ்விதி, தனியுரிமையின் உட்பொருளை விளங்கிக்கொள்ளத் துணைசெய்கிறது. தனியுரிமை என்பது அனைத்தையும் ஒளித்துவைப்பதன்று. எதை, யாரிடம், எந்த அளவு சொல்வது என்பதைத் தாமே முடிவுசெய்யும் உரிமையாகும்.

நீதிமன்றம் ஏற்ற உரிமை

இவ்வுரிமையின் சட்ட வரலாற்றில் தமிழ்நாட்டிற்கும் இடமுண்டு. மரண தண்டனைக் கைதி ஒருவரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தபோது எழுந்த ‘ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு மாநிலம்’ என்னும் வழக்கில், 1994ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவரின் குடும்பம், திருமணம், கல்வி முதலிய சொந்தச் செய்திகளை அவருடைய இசைவின்றி வெளியிடலாகாது என்றும், பொது ஆவணங்களில் உள்ளவற்றை வெளியிட இதழுக்கு உரிமை உண்டு என்றும் அத்தீர்ப்பு இரு பக்கமும் எல்லை வகுத்தது.

கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி, எண்பது வயதைக் கடந்த நிலையில், ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012இல் வழக்குத் தொடர்ந்தார். 1954, 1962ஆம் ஆண்டுத் தீர்ப்புகளைச் சுட்டி, தனியுரிமை அடிப்படை உரிமையன்று என அரசுத் தரப்பு வாதிட்டது. முந்தைய தீர்ப்புகளுள் ஒன்று எட்டு நீதிபதிகள் அமர்ந்து வழங்கியது. ஆகவே ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு கூடியது. தனியுரிமை ஓர் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டு 24 அன்று அவ்வமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆதார் திட்டம் செல்லும் என 2018இல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. எனினும் வங்கிக் கணக்கு, அலைபேசி இணைப்பு ஆகியவற்றுக்கு ஆதாரைக் கட்டாயமாக்கியதை ஏற்கவில்லை.

தெரியுமா?

ஆதார் நகல் தேவைப்படும் பல இடங்களில், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் ‘மறைக்கப்பட்ட ஆதார்’ படியை அளிக்கலாம். இதனை ஆதார் இணையதளத்தில் பதிவிறக்கிக்கொள்ளலாம்.

ஒப்புதலும் வயதும்

நாடாளுமன்றம் 2023இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு கால இடைவெளி அளிக்கப்பட்டுள்ளது. ஒப்புதல் என்பது தடையற்றதாக, குறித்த நோக்கத்திற்கு உரியதாக, விவரமறிந்து தரப்படுவதாக இருத்தல் வேண்டும் என்கிறது இச்சட்டம். ஒப்புதல் கோரும் அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட எட்டாம் அட்டவணை மொழிகளில் படிக்கும் வாய்ப்பையும் வழங்கச் சொல்கிறது. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுதல், கொடுத்தது போன்றே எளிதாக இருத்தல் வேண்டும்.

பதினெட்டு வயது நிறையாதோரைச் சிறார் எனக் கொள்ளும் இச்சட்டம், அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது. சில விலக்குகள் நீங்கலாக, சிறாரைப் பின்தொடர்வதையும், அவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடைசெய்கிறது. பதினோராம் வகுப்பு மாணவர் பெரும்பாலோர் இப்பாதுகாப்பிற்கு உரியவர். ஆனால் ஒரு செயலியில் நுழைவதற்காகப் பிறந்த ஆண்டை மாற்றிப் பதிவுசெய்யும் மாணவர், அச்செயலியின் கணக்கில் வயது வந்தவராகிவிடுகிறார். தமக்கென எழுப்பப்பட்ட வேலியைத் தாமே தாண்டி வெளியேறிவிடுகிறார்.

மாறுபட்ட கருத்துகள்

“குற்றம் செய்யாதவர் எதை மறைக்க வேண்டும்?” என வினவுவோர் உளர். நோயும் கடனும் தேர்வில் தோல்வியும் குற்றங்கள் அல்ல. எனினும் அவற்றை ஊரறியச் செய்ய எவரும் விரும்புவதில்லை. அரசு அமைப்புகளுக்கு இச்சட்டம் அளிக்கும் விலக்குகள் மிகுதி என்பாரும் உளர். நாட்டின் பாதுகாப்பிற்கு அவை தேவை என்பது மறுதரப்பு. மக்களாட்சியில் இவ்விவாதம் தொடர்வது நன்று.

சட்டம் வேலி இடும். வாயிலைத் திறப்பதும் மூடுவதும் உரியவர் கையில் உள்ளன. தேவையற்ற அனுமதியை மறுத்தல், பயன்படாத செயலியை நீக்குதல், பிறர் படத்தை அவர் இசைவின்றிப் பகிராதிருத்தல் ஆகியவை எளிய செயல்கள். ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்னும் பொத்தானைத் தொடுமுன், கேட்கப்படுவது எது, எதற்காக என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பவரே தம் அகத்தின் எல்லையைத் தாமே வகுத்துக்கொள்கிறார்.