மிக்ஸர் செட்டிங்கை சேவ் பண்ணிட்டா போதுமா? நேற்றைய ரெக்கார்டிங்கும் இன்றைய ரெக்கார்டிங்கும் ஒட்டாமல் போவது ஏன்?

திற்பரப்பு அருவிக்குப் போகிற வழியில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஊர் குலசேகரம். வில்லுப்பாட்டு ஊறிய மண். இப்படிப்பட்ட ஊரில் ஒரு வீட்டு ஸ்டூடியோவில் வில்லுப்பாட்டுக் கதை ஒன்றைப் பதிவு செய்வதாக வைத்துக்கொள்வோம். இந்த வாரம் பாதி, அடுத்த வாரம் மீதி.

புலவரின் குரல், பின்பாட்டு, வில், குடம், உடுக்கை, ஜால்ரா என ஆறுக்கும் தனித்தனி மைக், தனித்தனி டிராக். இதுதான் மல்டிடிராக். முதல் வாரம் ஒவ்வொரு டிராக்குக்கும் ஈக்யூ, கம்ப்ரஸர், ரிவெர்ப் எல்லாம் பார்த்துப் பார்த்து வைத்தாச்சு. அடுத்த வாரம் அதே செட்டிங்கை லோடு செய்து பதிவு செய்கிறார்கள். இரண்டையும் ஒட்டிக் கேட்டால், “மக்கா, ரெண்டும் நான் பாடுனதுதானா?” என்று புலவரே கேட்கும் நிலை. எங்கே தப்பு?

பழைய ஸ்டூடியோக்களில் என்ன செய்தார்கள்?

அனலாக் மிக்ஸர் காலத்தில் ஒவ்வொரு குமிழும் எங்கே நிற்கிறது என்று தாளில் குறித்து வைப்பார்கள். போட்டோ எடுத்து வைப்பவர்களும் உண்டு. 1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் சாலிட் ஸ்டேட் லாஜிக் நிறுவனம் தன் மிக்ஸர்களில் ‘டோட்டல் ரீகால்’ வசதியைக் கொண்டுவந்தது. அதுவும் குமிழ்களைத் தானாகத் திருப்பாது. பழைய இடம் எது என்று திரையில் காட்டும், கையால்தான் திருப்ப வேண்டும். 1995-ல் வந்த யமஹா 02ஆர் போன்ற டிஜிட்டல் மிக்ஸர்களில் ஒரு பட்டனைத் தட்டினாலே பழைய மிக்ஸ் திரும்பிவிடும்.

இப்போது எப்படி?

எல்லாம் சாஃப்ட்வேருக்குள். ரீப்பரில் ‘டிராக் டெம்ப்ளேட்’, புரோ டூல்ஸில் ‘இம்போர்ட் செஷன் டேட்டா’. இரண்டு மூன்று கிளிக்கில் ஆறு டிராக்கின் செட்டிங்கும் புதிய செஷனுக்கு வந்துவிடும்.

அப்புறம் ஏன் சத்தம் மாறுகிறது?

டெம்ப்ளேட்டுக்குத் தெரிந்தது கம்ப்யூட்டருக்குள் இருப்பது மட்டும்தான். வெளியே நடப்பது தெரியாது.

உதாரணமாக, கம்ப்ரஸரின் த்ரெஷோல்டு மைனஸ் 20 டெசிபல். போன வாரம் குரலின் உச்சம் மைனஸ் 12-ஐத் தொட்டது. எனவே 8 டெசிபல் அளவுக்கு கம்ப்ரஸருக்கு வேலை இருந்தது. இந்த வாரம் வாய்க்கும் மைக்குக்கும் இடையே 15 செ.மீ. இருந்த தூரம் 30 செ.மீ. ஆகிவிட்டது. தூரம் இரண்டு மடங்கானால் நேரடிச் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். உச்சம் இப்போது மைனஸ் 18. கம்ப்ரஸருக்கு 2 டெசிபல் அளவுக்குத்தான் வேலை. செட்டிங் ஒன்றுதான், கேட்பது வேறு. பல வகை மைக்குகளில் தள்ளிப் பாடினால் குரலின் கனமும் குறையும், பக்கத்தில் இருக்கும் குடமும் ஜால்ராவும் கூடுதலாகப் புகுந்துவிடும்.

கெயின் குமிழும் அப்படித்தான். பல ஆடியோ இன்டர்ஃபேஸ்களில் அதைக் கையால்தான் திருப்ப வேண்டும், அந்த அளவு ஃபைலில் சேவ் ஆகாது.

என்ன செய்யலாம்?

* மைக் எது, எவ்வளவு தூரம், எந்தக் கோணம் என்று அளந்து எழுதுங்கள். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று தரையில் டேப் ஒட்டி, போட்டோ எடுங்கள்.
* கெயின் குமிழ்களையும் போட்டோ எடுத்து, அதே செஷன் ஃபோல்டரில் போடுங்கள்.
* போன வாரம் பாடிய ஒரு பகுதியை இன்று முதலில் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள்.
* வித்தியாசம் இருந்தால் மைக்கையும் கெயினையும் முதலில் சரிசெய்யுங்கள். ஈக்யூவில் கை வைப்பது கடைசியில்.
* உடுக்கையின் சுதி அன்றன்றைக்கு மாறும். அதை எந்த டெம்ப்ளேட்டும் சரிசெய்யாது. கலைஞரிடம் சொல்லி சுதி சேர்த்த பிறகே ரெக்கார்டைத் தட்டுங்கள்.

மழை இன்னொரு தலைவலி. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. தகரக் கூரையில் மழை கொட்டும்போது எந்த செட்டிங்கும் உதவாது, நிற்கும் வரை காத்திருப்பதே நல்லது.

இதற்கெல்லாம் ஆகும் நேரம் அரை மணி. அதை மிச்சம் பிடித்தால், கோயில் கொடைகளுக்கு நடுவே நாள் ஒதுக்கி வந்த கலைஞர்களை மறுபடியும் கூப்பிட்டு, பாடியதையே திரும்பப் பாடச் சொல்ல வேண்டியிருக்கும்.