பழைய லேப்டாப்: முதலில் திரையைப் பாருங்கள்

சென்னை ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் கேட்டால் கடைக்காரர் முதலில் பிராசஸரைச் சொல்வார், பிறகு ரேம், பிறகு எஸ்எஸ்டி. திரைக்கு 'பதினாலு இஞ்ச் சார்' என்ற ஒரு வரிதான். நாள் முழுக்க நாம் பார்க்கப்போவதோ அதைத்தான்.

புதிய மாடலில் திரையும் தேறியிருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். லெனோவாவின் திங்க்பேட் வரிசையையே எடுத்துக்கொள்வோம். 2006இல் வந்த 15 அங்குல டி60பியில் 1600க்கு 1200 பிக்சல் திரை கிடைத்தது, மொத்தம் 19.2 லட்சம் பிக்சல். 2011இல் வந்த டி420இன் அடிப்படை மாடலில் 1366க்கு 768. பத்தரை லட்சம் கூடத் தேறாது. கூடுதல் விலைக்கு 1600க்கு 900 கொடுத்தார்கள். அதுவும் பழையதை எட்டவில்லை.

பிக்சலைவிடத் திரையின் வகை முக்கியம். டி60பியில் இருந்தது ஐபிஎஸ் குடும்பம். அதில் திரவப் படிக மூலக்கூறுகள் கண்ணாடிக்கு இணையாகப் படுத்தபடியே திரும்பும். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. டி420இல் இருந்தது மலிவான டிஎன். அதில் மின்னழுத்தம் ஏறினால் மூலக்கூறுகள் எழுந்து நிற்கும். பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறிவிடும். ஒரு முகத்தின் படத்தைத் திரை முழுக்க வைத்து, மூடியைப் பின்னால் நன்றாகச் சாயுங்கள். டிஎன் என்றால் முகம் கறுத்து, ஃபிலிம் நெகட்டிவ் மாதிரி ஆகிவிடும். லேப்டாப்பில் வந்த டிஎன் திரைகள் பெரும்பாலும் 6 பிட். ஒரு நிறத்துக்கு 64 படிகள், மொத்தம் 2,62,144 நிறங்கள். மீதியெல்லாம் அக்கம்பக்க நிறங்களைக் கலந்து செய்யும் கண்கட்டு. இதில் வேடிக்கை, அதே 2011இல் 12.5 அங்குல எக்ஸ்220க்கு ஐபிஎஸ் திரையைக் கேட்டு வாங்க முடிந்தது!

அதற்காக டி60பியைத் தேடிப் போகவேண்டாம். அதன் திரைக்குப் பின்னால் எரிவது எல்இடி அல்ல, மெல்லிய ஃபுளோரசன்ட் குழாய். வயதானால் மங்கி மஞ்சளடிக்கும். போட்டவுடன் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அதன் காலம் முடிகிறது என்று பொருள்.

வீடியோவில் கதை நேர்மாறு. இங்கே புதியதுதான் நல்லது. டி420இன் இன்டெல் சிப்பில் எச்.264 வீடியோவை விரிக்கத் தனிச் சுற்றே உண்டு. ஆனால் யூடியூப் இன்று விபி9, ஏவி1 வடிவங்களை அதிகம் அனுப்புகிறது. விபி9ஐ முழுமையாகக் கையாளும் சுற்று இன்டெலில் 2016இன் 7ஆம் தலைமுறையில்தான் வந்தது. ஏவி1க்கு 2020இன் 11ஆம் தலைமுறை. அதற்கு முந்தையவற்றில் சுமை பிராசஸர் தலையில் விழுகிறது. ஃபேன் இரைகிறது, பேட்டரி கரைகிறது.

2007, 2008 மாடல்களில் தனி என்விடியா சிப் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. சிப்பைப் பொதிந்த பொருளில் இருந்த பலவீனத்தால் சில சிப்கள் பழுதாகின்றன என்று சொல்லி, அந்த நிறுவனமே 2008 ஜூலையில் 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது.

வீடியோ பார்க்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் 7ஆம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள். 1920க்கு 1080 ஐபிஎஸ் திரை என்று கேட்டே வாங்குங்கள். ஒரே மாடல் எண்ணில் நல்ல திரையும் வரும், மட்டமான திரையும் வரும். பணம் கொடுக்கும் முன் மூடியைச் சாய்த்துப் பார்த்துவிடுங்கள்.