ஆமைக்குப் பசி, டப்பாவில் பாதி தீனி

பெங்களூர் சிவாஜிநகரில் ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சுற்றி ஞாயிற்றுக்கிழமை காலையில் நடப்பதற்கே தனிச் சாமர்த்தியம் வேண்டும். 1927-ல் கட்டப்பட்ட அந்தப் பழைய சந்தையின் வாசலிலேயே பூவும் பழமும் வழிமறிக்கும். உள்ளே கீரைக்கட்டு, பக்கத்தில் மீன், இறைச்சி. அம்மாக்கள் பேரம் பேசும் நேரத்தில் பிள்ளைகளின் கண்கள் தேடுவது வேறு: வண்ண மீன், லவ் பேர்ட்ஸ், கூடவே குட்டி ஆமை.

ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய உடம்பு. பச்சை ஓடு. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு. நகரத்துச் செல்லப்பிராணிக் கடைகளில் விற்கப்படும் நீர் ஆமைகளில் பெரும்பாலானவை இந்தச் செங்காது ஆமைகள்தான். பூர்வீகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. ஆமை இருந்தால் அதிர்ஷ்டம் என்று நம்பி வாங்குபவர்களும் உண்டு. ஆமையோடு ஒரு கண்ணாடித் தொட்டியும், காய்ந்த இறால் டப்பா ஒன்றும் வீட்டுக்கு வருகின்றன. சிக்கல் அந்த டப்பாவில்தான் ஆரம்பிக்கிறது.

கண் வீங்கினால் காரணம் தீனி

காய்ந்த இறாலை ஆமை ஆசையாகத் தின்னும். ஆனால் அது நொறுக்குத் தீனி, சாப்பாடு ஆகாது. மாதக்கணக்கில் அதை மட்டுமே தின்றால் வைட்டமின் ஏ குறைகிறது. இமைகள் வீங்கிக் கண்கள் மூடிக்கொள்கின்றன. இரையைக் கண்ணால் பார்த்துத் தேடும் பிராணி, கண் மூடியதும் பட்டினி கிடக்கிறது. கால்சியம் குறைந்தாலோ ஓடு மென்மையாகி வளைந்துபோகும். கோழிக்கறித் துண்டுகளை மட்டும் கொடுத்து வளர்த்தாலும் இதே கதிதான். கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. ரொட்டி, பால், சோறு எதுவும் ஆமைக்குத் தேவையில்லை.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: வயது ஏற ஏற இதன் உணவும் மாறுகிறது. குட்டிப் பருவத்தில் அது பெரும்பாலும் அசைவம். வளர்ந்த பின் பாதிக்கு மேல் இலை தழைகளுக்கு மாறிவிடும். குட்டிக்குக் கொடுத்த அளவையே பெரிய ஆமைக்கும் தொடர்ந்தால் கொழுத்துப்போய், தோல் ஓட்டுக்கு வெளியே பிதுங்கும்.

சந்தையிலேயே சமச்சீர் உணவு

ஆமைகளுக்கென்றே தயாரிக்கப்படும் குருணைத் தீவனத்தை அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம். குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு வாரம் இரண்டு மூன்று முறை. அளவுக்குச் சுலபமான கணக்கு உண்டு: ஒரு வேளைக்கு ஆமையின் தலை அளவு போதும்.

மற்றதெல்லாம் ரஸ்ஸல் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். துருவிய காரட்டும் மஞ்சள் பூசணியும் வைட்டமின் ஏ குறையைப் போக்கும். லெட்டூஸ் இலை, வீட்டுத் தோட்டத்துச் செம்பருத்தி இலை, சுத்தமான தொட்டியில் வளர்த்த அசோலா ஆகியவற்றைத் தாராளமாகப் போடலாம். பாலக் கீரையில் உள்ள ஆக்ஸாலிக் அமிலம் கால்சியத்தை உடம்பில் சேரவிடாது. எனவே அதை எப்போதாவது மட்டும் கொடுக்கவேண்டும். வாரம் ஒருமுறை சிறு இறால் துண்டோ மண்புழுவோ போதும். பறவைக் கடைகளில் லவ் பேர்ட்ஸுக்காக விற்கும் கணவாய் ஓட்டில் ஒரு துண்டைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் ஆமை கொறித்துக் கால்சியம் சேர்த்துக்கொள்ளும்.

உணவைத் தண்ணீரில்தான் போடவேண்டும். தண்ணீர் இல்லாமல் இந்த ஆமையால் விழுங்க முடியாது. மிச்சத்தை உடனே எடுத்துவிடாவிட்டால் தொட்டி நாறும்.

தின்ற கால்சியம் ஓட்டில் சேர வைட்டமின் டி வேண்டும். அதற்குப் புற ஊதாக் கதிர் தேவை. ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் பயன்படாது. கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். நேரடி வெயிலோ அதற்கான விளக்கோ அவசியம். வெயிலில் வைத்தால் பக்கத்திலேயே நிழலும் இருக்கட்டும். ஏறிக் காய ஒரு கல்லும் வேண்டும். டிசம்பர், ஜனவரி பெங்களூர்க் குளிரில் தொட்டி நீர் சில்லிட்டால் ஆமைக்குப் பசி அடங்கும், செரிமானம் மந்தமாகும். அப்போது கட்டாயப்படுத்தி ஊட்டாமல் தண்ணீரை 25 டிகிரிக்குக் குறையாமல் வைப்பதே வைத்தியம்.

முப்பது வருடக் கணக்கு

ஒழுங்காகச் சாப்பிடும் ஆமை வளர்கிறது. பெண் ஆமை ஓரடி நீளம்வரை போகும். முப்பது வருடம் வாழும். தொட்டி போதாமல் போகும்போது அல்சூர் ஏரி நினைவுக்கு வருகிறது. செய்யக்கூடாத காரியம் அதுதான். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்களில் செங்காது ஆமையும் ஒன்று. நம் நாட்டு ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் அது பறித்துக்கொள்ளும். ஐரோப்பிய யூனியன் 1997-லேயே இதன் இறக்குமதியைத் தடை செய்தது. கேரளத்தின் நீர்நிலைகளிலும், குவாஹாட்டி உக்ரதாரா கோயில் குளத்திலும் இது ஏற்கெனவே தென்பட்டிருக்கிறது.

அதற்காக நாட்டு ஆமையை வளர்க்கலாமா? கூடாது. நம் குளத்து ஆமைகளையும் நட்சத்திர ஆமையையும் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இன்னொரு எச்சரிக்கை, பிள்ளைகளுக்கு. ஆமையின் உடம்பில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். 4 அங்குலத்துக்கும் குறைவான ஆமைகளை விற்க அமெரிக்கா 1975-ல் தடை விதித்ததற்குக் காரணம் இதுதான். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். தொட்டித் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டக்கூடாது.

ஏற்கெனவே வாங்கியவர்கள் இன்றே தீனியை மாற்றலாம். கண் வீங்கியிருந்தால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகவேண்டும். வளர்க்க முடியாவிட்டால் வளர்க்கக்கூடியவரிடம் ஒப்படைக்கவேண்டும். வாங்கப் போகிறவர்கள் கடைவாசலில் நின்று ஒரு சின்னக் கணக்குப் போடட்டும்: இன்று மூன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு வயது நாற்பதை நெருங்கும்போதும், அந்த ஆமைக்குக் காரட் துருவ வீட்டில் ஒருவர் இருப்பாரா?