நெல் மூட்டைக்குக் கையூட்டு: தடுக்கும் வழிகள்

திருச்சி தென்னூர் உழவர் சந்தைக்குக் கத்தரியும் வெண்டையும் கொண்டு வரும் விவசாயி, அன்றைய விலையைப் பலகையில் பார்த்துக்கொள்கிறார். தராசு அவர் கையிலேயே இருக்கிறது. அதே விவசாயி நேரடி நெல் கொள்முதல் நிலையத்திற்குச் சென்றால் நிலைமை வேறு. விலை அரசு நிர்ணயித்ததுதான் என்றாலும், ஈரம் பார்ப்பதும், எடை போடுவதும், வரிசையை முடிவு செய்வதும் பிறர் கையில் உள்ளன. 'மூட்டைக்கு இவ்வளவு' என்ற பேச்சு அங்கேதான் எழுகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2020-ஆம் ஆண்டில் இவ்வழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தது.

இழப்பு எவ்வளவு?

2025-26 பருவத்தில் தமிழக அரசின் ஊக்கத்தொகை உட்பட, குவிண்டாலுக்குச் சாதாரண ரகத்திற்கு 2,500 ரூபாயும் சன்ன ரகத்திற்கு 2,545 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. இதன்படி 40 கிலோ கொண்ட சாதாரண ரக மூட்டையின் விலை 1,000 ரூபாய். ஏக்கருக்கு 60 மூட்டை கண்டு, மூட்டைக்கு 40 ரூபாய் கொடுத்தால் 2,400 ரூபாய் போய்விடும். மூட்டைக்கு ஒரு கிலோ கூடுதலாக நிறுத்தால் மேலும் 60 கிலோ, அதாவது 1,500 ரூபாய் நஷ்டம். உரத்திற்கும் நடவுக் கூலிக்கும் கடன் வாங்கிய சிறு விவசாயிக்கு இது சிறு தொகை அல்ல.

காரணம் என்ன?

சாக்குத் தட்டுப்பாடு, வாங்கிய நெல்லைக் கிடங்குக்கு அனுப்புவதில் தாமதம் ஆகியவற்றால் களத்தில் நெல் தேங்குகிறது. வானம் இருண்டால் விவசாயி பதறுகிறார். அந்தப் பதற்றமே கையூட்டுக்கு விதை. எனவே பணியாளரைத் தண்டிப்பதோடு, நிர்வாகம் தாமதத்தையும் போக்க வேண்டும்.

விவசாயி செய்ய வேண்டியவை

1. ஈரப்பதம் 17 சதத்திற்கு மிகக் கூடாது. மத்திய அரசு தனி உத்தரவு பிறப்பித்தால் மட்டுமே தளர்வு உண்டு. நெல்லை மெல்லிய படலமாகப் பரப்பி, அடிக்கடி கிளறிக் காய வைக்க வேண்டும்.

2. பதர், தூசி நீங்கத் தூற்ற வேண்டும். மண், கல் ஒரு சதத்திற்கும், வைக்கோல், பதர் போன்றவை ஒரு சதத்திற்கும், முதிராத, சுருங்கிய மணிகள் 3 சதத்திற்கும் மேல் இருக்கலாகாது. நெல் சுத்தமாக இருந்தால் குறை கூற இடமிராது.

3. சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை முன்னரே தயாராக வைத்து, பதிவு செய்துகொள்ள வேண்டும்.

4. ஈரப்பதமானி காட்டும் அளவையும் தராசையும் நேரில் பார்க்க வேண்டும். சாக்கின் எடை நீங்கலாக நெல் 40 கிலோதான். மூட்டை எண்ணிக்கையைச் சரிபார்த்து ரசீது பெற வேண்டும். விலைத் தொகை நேராக வங்கிக் கணக்கில் வரவாகும்.

சட்டம் சொல்வது

ஊழல் தடுப்புச் சட்டம் 1988-இல் வந்தது, 2018-இல் திருத்தப்பட்டது. கையூட்டு வாங்கும் அரசு ஊழியருக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை உண்டு. கொடுப்பதும் குற்றமே. ஆயினும் கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர், 7 நாட்களுக்குள் புகார் செய்தால் தண்டனை இல்லை. பணம் கேட்டவுடனே, கொடுக்கும் முன்பாக, ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறையிடம் தெரிவிப்பது இன்னும் நல்லது. அத்துறையினர் ரசாயனப் பொடி தடவிய நோட்டுகளைக் கொடுத்து அனுப்புவர். வாங்கியவர் விரல்களைச் சோதனைக் கரைசலில் கழுவினால் அது இளஞ்சிவப்பாக மாறி, சாட்சியாகிவிடும்.

தனியே புகார் செய்யத் தயங்குவோர், பத்துப் பேராகச் சேர்ந்து மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுக்கலாம். நிலையத்தின் பெயர், நாள், கேட்ட தொகை ஆகியவற்றை மனுவில் தவறாது குறிப்பிட வேண்டும். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில், எந்த நாளில் எத்தனை மூட்டை வாங்கப்பட்டது என்று கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதிலையும் கையிலுள்ள ரசீதுகளையும் ஒப்பிட்டால், வரிசை மாறியதும் எடை மாறியதும் தெரிந்துவிடும்.