வெற்றெண்ணும் உறையெண்ணும்

என்றும் மாறாத மதிப்புக்கு மாறிலி என்று பெயர். வாரத்திற்கு 7 நாள், மணிக்கு 60 நிமிடம் என்பன அத்தகையவை. கணினிக்கு நிரல் எழுதுவோர் இத்தகைய எண்களுக்குப் பெயரிட்டு, வேண்டுமிடமெல்லாம் பெயரால் சுட்டுவர். அவ்வெண்ணை எவ்வடிவில் வைப்பது என்பதே ஈண்டு எழும் வினா.

ஜேம்ஸ் காஸ்லிங் முதலானோர் உருவாக்க, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1995 இல் வெளியிட்ட ஜாவா மொழியைச் சான்றாகக் கொள்ளலாம். அம்மொழியில் முழு எண்ணுக்கு இரு வடிவங்கள் பெரிதும் வழங்குகின்றன. 'இன்ட்' என்பது அடிப்படை வகை. 32 பிட் இடத்தில் எண் மட்டுமே நிற்கும். 'இன்டிஜர்' என்பது உறைவகை. எண்ணை ஒரு பொருளுக்குள் இட்டு, அப்பொருள் இருக்கும் இடத்தையே நிரலுக்குத் தரும். முன்னது வெற்றெண், பின்னது உறையிலிட்ட எண்.

உறை எதற்கு? ஜாவாவின் பட்டியல்கள் பொருள்களையே ஏற்கும், வெற்றெண்ணை ஏற்கா. மதிப்பு இன்னும் தரப்படவில்லை எனக் குறிக்கவும் உறை உதவும். 2004 இல் வந்த ஐந்தாம் பதிப்பு முதல், உறையிடுதலையும் பிரித்தலையும் மொழியே செய்துகொள்கின்றது. இவ்வசதியால், இரண்டும் ஒன்றே என மயங்குதல் எளிதாயிற்று.

அம்மயக்கத்தின் விளைவு சிறிதன்று. இரட்டைச் சமக்குறி, வெற்றெண்களாயின் மதிப்புகளை ஒப்பிடும். இருபுறமும் உறைகளாயின், அவை ஒரே உறைதானா என்று மட்டுமே நோக்கும். மொழி தானே உறையிடுங்கால், −128 முதல் 127 வரையுள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் எப்போதும் ஒரே உறையைத் தரும். ஆகவே 127 ஐ இருமுறை உறையிட்டு ஒப்பிட்டால் 'சமம்' என்று விடை வரும். 128 ஐ ஒப்பிட்டாலோ, வழக்கமான அமைப்பில் 'சமமன்று' என்று வரும். சிறிய எண்களால் சோதித்தவர் பிழையைக் காணார். எண்கள் பெருகிய பின், நிரல் நில்லாமலே தவறான விடை தந்துகொண்டிருக்கும். உறைகளை ஒப்பிட 'ஈக்குவல்ஸ்' என்னும் செயல்முறையே உரியது.

ஆதலின் மாறிலிக்கு வெற்றெண்ணே ஏற்றது. எனினும் அதற்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. 'ஸ்டாட்டிக் ஃபைனல்' என அறிவித்து நேரே எண் தந்த இன்ட், நிரல் தொகுக்கப்படும்போதே, அதனைச் சுட்டும் பிற கோப்புகளிலும் எண்ணாகவே படியெடுக்கப்படுகின்றது. ஒரு வகுப்பில் சேர்க்கத்தக்க மாணவர் தொகை 35 என அவ்வாறு அறிவிக்கப்பட்டது என்க. பின்னர் அதனை 40 ஆகத் திருத்தி, அறிவிப்புள்ள கோப்பை மட்டும் மீண்டும் தொகுத்தால், பிற கோப்புகள் 35 என்றே கணக்கிடும்.

வாரத்தின் நாள்கள் 7 என்பது மாறிலி. வகுப்பின் மாணவர் தொகை இன்றைய விதி மட்டுமே. இவ்வேறுபாட்டை உணர்ந்த பின்னரே வடிவத்தைத் தேர்தல் வேண்டும்.