ஊரைக் கேட்காமல் உள்ளே வரலாமா?
போரும் அனுமதியும்: ஒடுக்கப்பட்டோர் பக்கமிருந்து சில கேள்விகள்



ஐயாவின் நினைவு நாளில் போரைப் பற்றிப் பேச வேண்டும் என்று நாம் முடிவு செய்ததற்குக் காரணம் உண்டு. பந்தல்குடிப் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர் அவர். 1987இல் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போய்த் திரும்பினார். ஓய்வுபெற்று வந்து நம் தெருப் பிள்ளைகளுக்கு இரவுப்பள்ளி நடத்தினார். யாழ்ப்பாணத்தைப் பற்றிக் கேட்டால் அதிகம் பேசமாட்டார். எங்களை யார் கூப்பிட்டார்கள், யாரைக் கேட்டுப் போனோம் என்று திருப்பி நம்மையே கேட்பார். அந்தக் கேள்விக்கு நாம் அவர் இருக்கும்போது பதில் சொல்லவில்லை. இன்று முயன்று பார்ப்போம்.

கேள்வி இதுதான். உலக நாடுகளின் ஒப்புதல் இல்லாமல் ஒரு நாடு இன்னொரு நாட்டின் மீது போர் தொடுக்கலாமா?

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1945 ஜூன் 26 அன்று சான்பிரான்சிஸ்கோவில் ஐக்கிய நாடுகள் சாசனம் கையெழுத்தானது. அதன் 2(4) பிரிவு, எந்த நாடும் இன்னொரு நாட்டின் எல்லைக்கும் அரசியல் விடுதலைக்கும் எதிராக ஆயுதபலத்தைப் பயன்படுத்தவோ, பயன்படுத்துவோம் என்று மிரட்டவோ கூடாது என்கிறது. இதற்கு இரண்டு விலக்குகள்தான். ஒன்று, ஆயுதத் தாக்குதலுக்கு ஆளான நாடு தன்னைக் காத்துக்கொள்ளலாம். இது 51ஆம் பிரிவு. இதற்கு முன்அனுமதி தேவையில்லை, ஆனால் உடனே பாதுகாப்பு அவைக்குத் தெரிவிக்க வேண்டும். இரண்டு, பாதுகாப்பு அவையே படை நடவடிக்கைக்கு ஒப்புதல் தரலாம். இது 42ஆம் பிரிவு. இவற்றோடு 2(7) பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் ஐ.நா. தலையிடக் கூடாது என்கிறது அது.

'உள்விவகாரம்' என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு ஏதோ ஒன்று நினைவுக்கு வருகிறதல்லவா? "இது எங்க ஊர் விவகாரம், வெளியாள் வரக்கூடாது." டீக்கடையில் தனிக் குவளை வைத்தபோதும், கண்மாய்த் தண்ணீரை மறித்தபோதும், சுடுகாட்டுப் பாதையை அடைத்தபோதும் நாம் கேட்ட சொல் இது. சேரிக்காரன் காவல் நிலையத்துக்குப் போனால் ஊர் மானம் போய்விட்டது என்பார்கள். 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு அவையில் அண்ணல் அம்பேத்கர் கிராமத்தைக் குடியரசாகப் போற்றியவர்களை மறுத்துப் பேசினார். தனிமனிதனை அரசமைப்பின் அலகாக வைத்ததற்காக மகிழ்ந்தார். ஊரின் எல்லை என்பது உள்ளே அடிபடுகிறவனுக்குச் சுவராகிவிடக் கூடாது என்பது அதன் பொருள். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எந்த ஊர்ப் பஞ்சாயத்தையும் கேட்டுக்கொண்டு ஊருக்குள் வரவில்லை.

நாட்டுக்கும் இதே நியாயத்தை அண்ணல் யோசித்திருக்கிறார். 1946இல் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ.ஈ.பி. டுபாய்சுக்கு அவர் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு மனு அளித்ததைப் படித்தேன், தீண்டப்படாதோரும் அப்படிச் செய்ய எண்ணுகிறார்கள், அந்த மனுவின் படி வேண்டும் என்று கேட்டார். 2001இல் டர்பன் நகரில் நிறவெறிக்கு எதிரான உலக மாநாடு நடந்தபோது சாதியை அங்கே பேசக்கூடாது என்று இந்திய அரசு நின்றது. நம் தோழர்கள் அதை மீறிப் போய்ப் பேசினார்கள்.

எனவே 'உள்விவகாரம்' என்ற வாதத்துக்கு நாம் எளிதில் தலையாட்ட முடியாது. ஆனால் அதனாலேயே, வலுத்த நாடு நினைத்த இடத்துக்குப் படை அனுப்பலாம் என்றும் சொல்லிவிட முடியாது. ஏன் என்பதற்கு இந்தியா நடத்திய மூன்று நடவடிக்கைகளைப் பார்ப்போம்.

முதலாவது கோவா. 1961 டிசம்பர் 18 அன்று இந்தியப் படை கோவாவுக்குள் நுழைந்தது. மறுநாளே 451 ஆண்டுப் போர்த்துக்கீசிய ஆட்சி முடிந்தது. பாதுகாப்பு அவையில் போர்நிறுத்தமும் படைவிலக்கமும் கோரித் தீர்மானம் வந்தது. ஏழு நாடுகள் ஆதரித்தன, நான்கு எதிர்த்தன. எதிர்த்த நான்கில் சோவியத் ஒன்றியம் இருந்ததால், அதன் வீட்டோவில் தீர்மானம் விழுந்தது. மற்ற மூன்றும் இலங்கை, லைபீரியா, ஐக்கிய அரபுக் குடியரசு. காலனி ஆட்சியே நிரந்தர ஆக்கிரமிப்பு, அதை அகற்றுவது ஆக்கிரமிப்பு ஆகாது என்பது இந்தியாவின் வாதம். அடிமைப்பட்டுக் கிடந்த நாடுகளுக்கு அது விளங்கியது. ஆண்ட நாடுகளுக்கு விளங்கவில்லை.

இரண்டாவது வங்கதேசம். 1971 மார்ச் 25 இரவு பாகிஸ்தான் இராணுவம் டாக்காவில் கொலையைத் தொடங்கியது. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் அகதிகளாக வந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி இந்துக்கள் என்று வரலாறு எழுதுகிறது. அவர்களுக்குள் யார் யார் என்று எழுதுவதில்லை. குல்னா வட்டாரம் நமசூத்திரர் செறிந்து வாழ்ந்த பகுதி. அங்கே சுக்நகரில் மே 20 அன்று, எல்லையை நோக்கி நடந்து வந்த கூட்டம் சுட்டுக் கொல்லப்பட்டது. இந்த மக்களிடமிருந்து வந்தவர்தான் ஜோகேந்திரநாத் மண்டல். 1946இல் அண்ணல் வங்கத்திலிருந்து அரசமைப்பு அவைக்குத் தேர்வாக உழைத்தவர். பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சர். தன் மக்களைக் காக்க முடியாமல் 1950 அக்டோபரில் பதவி விலகி இந்தியா வந்தவர்.

உலகம் என்ன செய்தது? எட்டு மாதம் பேசிக்கொண்டிருந்தது. அமெரிக்காவும் சீனாவும் பாகிஸ்தான் பக்கம் நின்றன. டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் இந்திய விமானத் தளங்களைத் தாக்கின. ஆகவே இது தற்காப்பு என்றது இந்தியா. ஆனால் நவம்பர் கடைசியிலேயே இந்தியப் படைகள் எல்லை தாண்டிச் சண்டையிட்டதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. டிசம்பர் 7 அன்று ஐ.நா. பொதுச்சபை போர்நிறுத்தமும் படைவிலக்கமும் கோரியது. ஆதரவு 104, எதிர்ப்பு 11. உலகத்தின் ஒப்புதல் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு கிடைக்காது. டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. 1972 மார்ச்சில் இந்தியப் படை வங்கதேசத்தை விட்டு வெளியேறியது. அகதிகளில் பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள்.

அந்த 104 நாடுகள் சொன்னபடி இந்தியா நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும். சட்டத்தின் காவலர்கள் அத்தனை பேரும் ஒருபக்கம் நிற்க, கொல்லப்படுகிறவன் மறுபக்கம் கிடந்தான். இந்தப் போரைத் தவறு என்று நம்மால் சொல்ல முடியவில்லை.

ஆனால் காப்பாற்ற வந்தவரைக் கடைசிவரை காப்பாற்றுவார் என்று நம்பிவிடவும் முடியாது. பல்வேறு ஆண்டுகளில் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த நமசூத்திர அகதிகளை அரசு தண்டகாரண்யக் காடுகளுக்கு அனுப்பியது. அங்கே பிழைக்க முடியாமல் 1978இல் அவர்கள் சுந்தரவனத்து மரிச்ஜாப்பித் தீவில் குடியேறினார்கள். 1979 ஜனவரியில் மேற்கு வங்க அரசு தீவைச் சுற்றி வளைத்து உணவையும் குடிநீரையும் மறித்தது. துப்பாக்கிச் சூடு நடந்தது. மே மாதம் குடிசைகளைக் கொளுத்தி அவர்களை விரட்டியது. எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கில் இன்றுவரை உடன்பாடில்லை. அது 'உள்விவகாரம்' ஆயிற்றே!

மூன்றாவது, ஐயா போய்வந்த யாழ்ப்பாணம். இது இரண்டு கட்டமாக நடந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் குழம்பிவிடுவோம்.

1987 மே மாதம் இலங்கை இராணுவம் வடமராட்சியைத் தாக்கியது. ஜூன் முதல் வாரம் இராமேஸ்வரத்திலிருந்து உணவும் மருந்தும் ஏற்றிப் போன படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. ஜூன் 4 அன்று மிராஜ் போர் விமானங்களின் காவலோடு ஐந்து ஏ.என்.-32 விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் சுமார் 25 டன் பொருட்களைப் போட்டன. 'ஆபரேஷன் பூமாலை' என்று அதற்குப் பெயர். இலங்கையின் இசைவும் இல்லை, ஐ.நா.வின் ஒப்புதலும் இல்லை. தன் இறையாண்மை மீறப்பட்டது என்று இலங்கை கண்டித்தது. சட்டப்படி அது சரியான கண்டனம்தான்.

ஜூலை 29 அன்று இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி, இலங்கை அரசின் இசைவோடு, அமைதிப்படை இறங்கியது. இப்போது எல்லாம் சட்டப்படி. ஆனால் அக்டோபரில் போர் மூண்டது. 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியரும் கொல்லப்பட்டார்கள். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் படை திரும்பியபோது இந்தியப் படைவீரர்கள் ஏறத்தாழ 1,200 பேர் உயிரிழந்திருந்தனர். அண்ணலின் முயற்சியோடு 1941இல் மீண்டும் உருவான மகர் படைப்பிரிவும் அங்கே நின்றது. ஐயாவைப்போல வறண்ட காட்டிலிருந்து சம்பளத்துக்காகப் போன பிள்ளைகளும் நின்றார்கள்.

அனுமதி இல்லாத செயல் அரிசி போட்டது. அனுமதி பெற்ற செயல் மருத்துவமனைக்குள் சுட்டது. இரண்டையும் செய்தது ஒரே அரசு, ஒரே ஆண்டில். அனுமதி அரசிடம் வாங்கப்பட்டது. அங்கே வாழ்கிற மக்களிடம் யாரும் கேட்கவில்லை. ஐயா கேட்ட கேள்வியின் உள்பொருள் இதுதான் என்று நாம் புரிந்துகொள்கிறோம்.

இது நமக்குப் புதிதல்ல. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்துக்குள் நூற்றுக்கணக்கான போலீசார் புகுந்து வீடுகளை நொறுக்கினார்கள். கிணற்றில் நஞ்சைக் கலந்தார்கள் என்று ஊர் மக்கள் சொன்னார்கள். அதுவும் சீருடையோடு, உத்தரவோடு வந்த படைதான். வெளியிலிருந்து படை வந்தால் சேரி பிழைக்கும் என்றும் சொல்ல முடியாது, வராமலிருந்தால் பிழைக்கும் என்றும் சொல்ல முடியாது என்பதை நாம் உடம்பால் அறிந்தவர்கள்.

அப்படியானால் ஐ.நா. ஒப்புதல் என்ற விதி வேண்டாமா? வேண்டும் என்பதே நம் நிலை. 2003 மார்ச்சில் அமெரிக்காவும் பிரிட்டனும் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று சொல்லி ஈராக்கில் நுழைந்தன. ஆயுதம் கிடைக்கவில்லை. அந்தப் போர் சாசனத்துக்குப் புறம்பானது, சட்டவிரோதமானது என்று மறுஆண்டு ஐ.நா. பொதுச்செயலர் கோபி அன்னான் கூறினார். விதி இருந்ததால்தான் அப்படிச் சொல்ல முடிந்தது. வலுத்தவனைத் தடுக்க விதியால் முடியாமல் போகலாம். அவன் செய்தது குற்றம் என்று பெயரிடவாவது அது வேண்டும். வன்கொடுமைச் சட்டத்தில் தண்டனை அரிது என்பதால் அந்தச் சட்டமே வேண்டாம் என்று நாம் சொல்வோமா?

ஆனால் விதியைக் காக்கிற இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? பாதுகாப்பு அவையின் 15 உறுப்பினர்களில் ஐந்து பேருக்கு வீட்டோ உண்டு. அந்த ஐந்தில் ஒருவர் மறுத்தால் மற்ற 14 பேரின் சொல்லும் செல்லாது. ஐந்து பெரிய வீட்டுக்காரர்கள் திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் பஞ்சாயத்து அது. குற்றம் சாட்டப்பட்டவரே திண்ணையிலும் இருப்பார். 2009இல் வன்னியில் மக்கள் கொல்லப்பட்டபோது அந்த அவை இலங்கையை முறையான விவாதப் பொருளாகக்கூட எடுக்கவில்லை. 40,000 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று 2011இல் ஐ.நா. வல்லுநர் குழு கூறியது. போர் முடிந்த சில நாட்களிலேயே, மே 27 அன்று, ஐ.நா. மனித உரிமை அவையில் இலங்கைக்குச் சாதகமான தீர்மானம் 29 வாக்குகளோடு வென்றது. அந்த 29இல் இந்தியாவும் ஒன்று. உலகத்தின் ஒப்புதல் என்பது கொன்றவனுக்கும் கிடைக்கும்.

எனவே 'ஒப்புதல் உண்டா' என்ற ஒரு கேள்வியோடு நாம் நிறுத்திக்கொள்ளக் கூடாது. ஒப்புதல் இல்லாமல் போர் தொடுப்பது தவறு என்பது பொது விதி. அதை மீறுகிறேன் என்று ஒரு நாடு வந்தால், நியாயத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு அதனுடையது. அதனிடம் நாம் ஐந்து கேள்விகள் கேட்போம்.

பெருந்திரளாக மக்கள் கொல்லப்படுவது கண்முன் நடக்கிறதா, அல்லது நடக்கக்கூடும் என்ற சாக்கா?
கொல்லப்படுகிற மக்களே கூப்பிட்டார்களா? அரசு கூப்பிட்டது வேறு, மக்கள் கூப்பிட்டது வேறு.
பேச்சு, மனு, தடை ஆகிய மற்ற வழிகள் எல்லாம் முயன்று தோற்றனவா?
வேலை முடிந்ததும் வெளியேறுமா, நிலத்தையும் எண்ணெயையும் பிடித்துக்கொண்டு உட்காருமா?
தன் படை செய்த கொலைகளுக்குக் கணக்குக் காட்டுமா?

1971 முதல் நான்கில் பெருமளவு தேறுகிறது. ஈராக் முதல் கேள்வியிலேயே விழுகிறது. அமைதிப்படை இரண்டாவதிலும் ஐந்தாவதிலும் விழுகிறது.

ஆறாவதாக நமக்கே உரிய ஒரு கேள்வியும் உண்டு. போரின் செலவை யார் கொடுக்கிறார்கள்? 1951 அக்டோபரில் அமைச்சர் பதவியை விட்டு விலகியபோது அண்ணல் அளித்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. அரசின் ஆண்டு வருவாய் 350 கோடி ரூபாய். அதில் சுமார் 180 கோடி இராணுவத்துக்குப் போகிறது. பட்டினி கிடக்கும் மக்களுக்குச் சேர வேண்டிய பணம் அது என்று அவர் வருந்தினார். அதற்குக் காரணம் நட்பு நாடுகளைத் தேடிக்கொள்ளாத வெளியுறவுக் கொள்கை என்றும் சொன்னார். வெளியுறவு என்பது டெல்லிக்காரர்கள் விவகாரம், நமக்கு எதற்கு என்று அவர் ஒதுங்கவில்லை. நாமும் ஒதுங்கக் கூடாது.

போர் முடிந்த பிறகும் செலவு முடிவதில்லை. நம் விருதுநகர் மாவட்டத்துக் குல்லூர்சந்தையில் ஈழ அகதிகள் முகாம் இருக்கிறது. 2021இல் அரசு அதன் பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் அங்கே வாழ்கிறவர்களுக்கு இடமில்லை. அவர்களுக்காக விமானத்தில் அரிசி போட்ட நாடு, தன் மண்ணிலேயே பிறந்த அவர்கள் பிள்ளைகளுக்குக் குடியுரிமை தரத் தயங்குகிறது. எல்லைக்கு அப்பால் போய் மக்களைக் காக்கும் உரிமை தனக்கு உண்டு என்று பேசும் எந்த அரசையும் நாம் முதலில் அழைத்துப் போக வேண்டிய இடம் அந்த முகாம்தான்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த போர்ச் செய்தி வரும்போது கொடியை எடுப்பதற்கு முன் இந்த ஆறு கேள்விகளையும் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே பதிலை எழுதிப் பாருங்கள். பதில் கிடைக்காத இடத்தில் வெற்றிடமாக விடுங்கள். அந்தத் தாளோடு இரவுப்பள்ளிக்கு வாருங்கள், உட்கார்ந்து விவாதிப்போம். ஐயா உட்கார்ந்த அதே திண்ணையில்தான் இப்போதும் பள்ளி நடக்கிறது.